நாற்பது ஏக்கர் துணிச்சல்

ரப்பர் என்று சொன்னதும் நமக்கெல்லாம் ஞாபகத்துக்கு வருவது யார்? தொப்பி போட்ட வெள்ளைக்காரத் துரை. அவருக்குக் கீழே கிராணி, கங்காணி. அப்புறம் வாளியும் உளியும் தூக்கிக்கிட்டு இருட்டிலேயே நிரைக்குப் போன நம்ம தாத்தா பாட்டி. இந்தப் படத்தில் ஒருவர் விட்டுப்போயிருக்கிறார். இந்த மரம் காசு தருமா தராதா என்று யாருக்கும் தெரியாத காலத்தில், சொந்த நிலத்தையும் பணத்தையும் பணயம் வைத்து மலாயாவில் முதல் ரப்பர் தோட்டம் போட்டவர் வெள்ளைக்காரர் இல்லை. மலாக்காவில் பிறந்த ஒரு பாபா சீனர். பெயர் டான் சாய் யான். அப்போது அவருக்கு வயது 25.

நம்ம பத்திரிகையில் ஒரு சீனத் தோட்டக்காரர் கதை எதுக்கு என்று சிலர் கேட்கலாம். ரத்தத்தில் அவர் நமக்கு முன்னோர் இல்லைதான். ஆனா நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்த மண்ணுக்கு வந்ததே அந்த மரத்துக்காகத்தான். அந்த மரத்தை முதலில் நட்டவர் யார், எப்படி வாழ்ந்தார், எப்படிச் செத்தார் என்பது நம்ம கதையிலும் ஒரு பகுதி என்று நான் நினைக்கிறேன்.

கதையை அவருடைய தாத்தாவிடமிருந்து தொடங்கணும். சிங்கப்பூரில் இருக்கிற வாசகர்களுக்கு அந்தப் பெயர் நல்லாத் தெரியும்: டான் டோக் செங். மருத்துவமனைப் பெயராகத்தான் நாம் அவரை அறிவோம். ஆனால் அவர் முதலில் காய்கறிக்காரர். 1798இல் மலாக்காவில் பிறந்தார். ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் காலடி வைத்த 1819ஆம் ஆண்டே அங்கே போய்ச் சேர்ந்தார். கையில் பெரிய முதல் எதுவும் இல்லை. கிராமப்புறத்திலிருந்து காய், பழம், கோழி வாங்கி வந்து பட்டணத்தில் விற்றார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஆற்றங்கரையில் கடை போட்டார். பிறகு ஒரு வெள்ளைக்கார வியாபாரியோடு கூட்டுச் சேர்ந்து நிலத்திலும் சரக்கிலும் பெரும் பணம் பார்த்தார். 1844இல் ஏழை நோயாளிகளுக்கு மருத்துவமனை கட்ட 5,000 வெள்ளி கொடுத்தார். அவர் மனைவி லீ சியோ நியோவுக்கு கேலாங்கில் சொந்தத் தென்னந்தோப்பு இருந்தது. அந்த மருத்துவமனையில் பெண்கள் பகுதிக்கு அந்த அம்மாவும் உதவினார். ஆக, மண்ணில் விளைவதை வைத்துச் சம்பாதிப்பதும், சம்பாதித்ததில் ஒரு பங்கை நோயாளிக்குக் கொடுப்பதும் அந்த வீட்டுக்குப் பழக்கமான விஷயங்கள். இந்த இரண்டையும் மனசில் வச்சுக்கங்க. கடைசி வரைக்கும் கூடவே வரும்.

டான் டோக் செங்கின் மகன்களில் ஒருவர் டான் டெக் குவான். செடிகொடிகளில் ஆர்வம் உள்ளவர். அவருடைய மகன்தான் நம் கதாநாயகர். 1870 டிசம்பரில் மலாக்காவில் பிறந்து, மலாக்கா உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பாபா குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் தெரிந்தவர், தாத்தா காலத்துச் சொத்தும் பெயரும் உண்டு. ஏதாவது ஒரு கம்பெனியில் பங்கு வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

அன்றைய மலாக்காவில் சீனத் தோட்டக்காரர்களின் பயிர் மரவள்ளி. காட்டை வெட்டி, எரித்து, கிழங்கு நட்டு, மாவு எடுத்து ஏற்றுமதி செய்வார்கள். கிழங்கைக் காய்ச்சிப் பதப்படுத்த விறகு மலைமலையாக வேணும். சில அறுவடைக்குள் மண் சத்து இழந்துவிடும். அப்புறம் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த காட்டை வெட்டப் போவார்கள். விட்டுப்போன நிலத்தில் லாலாங் புல்தான் முளைக்கும். வெள்ளைக்காரத் துரைமார்களோ சிலாங்கூர், பேராக் பக்கம் காப்பியில் மூழ்கிக் கிடந்தார்கள். காப்பிக்கு நல்ல விலை கிடைத்தபோது வேறு எதைப் பற்றியும் பேச அவர்களுக்கு நேரமில்லை.

ரப்பர் மரம் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது மூவாயிரத்துக்கும் குறைவு. அதில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அங்கிருந்து சில கன்றுகள் கோலகங்சாருக்குப் போயின. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது, போனால் பாருங்கள். ஆனால் வந்த மரங்கள் சும்மா காட்சிப்பொருளாக நின்றன. ஏறக்குறைய இருபது வருஷம் யாரும் அதைத் தோட்டமாகப் போடவில்லை.

1888இல் சிங்கப்பூர்ப் பூமலைக்குத் தலைவராக வந்தவர் ஹென்றி ரிட்லி. இந்த மரத்தில் காசு இருக்கிறது என்று அடித்துச் சொன்னவர் அவர்தான். பையில் விதைகளைப் போட்டுக்கொண்டு கண்ணில் படுகிற தோட்டக்காரர்களிடமெல்லாம் கொடுத்து நடச் சொல்வாராம். அவருக்குக் கிறுக்கு ரிட்லி என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் கிறுக்கர் செய்த வேலை என்ன தெரியுமா? பிரேசில் காட்டில் மரத்தை வெட்டிக் காயப்படுத்திப் பால் எடுப்பார்கள், மரம் கெட்டுப்போகும். ரிட்லி, பட்டையை மெல்லிசாகச் சீவினால் போதும், அதே காயத்தை அடுத்த முறை இன்னும் ஒரு நூல் சீவினால் பால் கூடுதலாக வரும், சீவிய இடத்தில் புதுப் பட்டை வளரும் என்று கண்டுபிடித்தார். விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறையும் என்பதையும் கவனித்தார். நம்ம பாட்டிமார்கள் நாலு மணிக்கே எழுந்து பெரட்டுக்கு ஓடியதன் காரணம் இதுதான். துரையின் கண்டிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். மரத்தின் குணமே அப்படி.

ரிட்லி சொன்னதைத் துரைமார்கள் கேட்கவில்லை. கேட்டவர் டான் சாய் யான். 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அதே சமயத்தில் காஜாங் பக்கம் கிண்டர்ஸ்லி சகோதரர்களும் நட்டார்கள். ஆனால் அது சில ஏக்கர்தான். தோட்டம் என்று சொல்லும் அளவில் இறங்கியவர் சாய் யான்.

நாற்பது ஏக்கர் என்ன பெரிய விஷயமா என்று இன்றைக்குத் தோணும். கொஞ்சம் அந்த இடத்தில் நின்று பாருங்கள். மரவள்ளி நட்டால் ஒன்றரை வருஷத்தில் கையில் காசு. ரப்பர் நட்டால் ஆறேழு வருஷம் கழித்துத்தான் உளி வைக்க முடியும். அதுவரை களை பிடுங்க வேணும், கன்றுகளை மானும் பன்றியும் தின்னாமல் காக்க வேணும், ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேணும். கடைசியில் பால் வருமா? வந்தால் யார் வாங்குவார்கள்? மோட்டார் வண்டி என்பது ஐரோப்பாவில் பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த காலம் அது. இங்கே ரோட்டில் ஓடியது மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும். ஃபோர்டு தன்னுடைய பிரபலமான காரை விற்க ஆரம்பித்தது 1908இல்தான். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாடியே இவர் கன்று நட்டுவிட்டார்.

நட்டதோடு நிற்கவும் இல்லை. முதல் தோட்டத்தில் பால் வெட்டும் பருவம் வருவதற்கு முன்பே அடுத்த காரியத்தில் இறங்கினார். குனோங் லேடாங் மலையடிவாரத்தில் புக்கிட் அசகான் என்ற இடத்தில் ஏறக்குறைய 3,000 ஏக்கர் எடுத்தார். கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ரப்பருக்கு நடுவில் மரவள்ளியும் நட்டார்கள். மரம் வளரும் வரை கிழங்கு சோறு போடும் என்பது கணக்கு. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். துணிச்சல்காரர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனா வெறும் துணிச்சல் இல்லை. பழைய பயிரைக் கைவிடாமல் அதன் தோளில் புதிய பயிரை ஏற்றிவிட்ட விவசாயப் புத்தி அது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்தது. துரைமார்கள் ரப்பருக்குத் தாவினார்கள். புக்கிட் அசகான் நல்ல விலைக்கு வெள்ளைக்காரக் கம்பெனியிடம் கைமாறியது. 1910இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டி விற்றது. அந்தச் சமயத்தில் மலாயாவில் ரப்பர் நின்ற நிலம் ஏறக்குறைய ஐந்து லட்சம் ஏக்கர். அவ்வளவு மரத்தைச் சீவ ஆள் வேணுமே? அதுக்குத்தான் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாக நம்ம ஆட்கள் வந்தார்கள். 1907இல் தோட்டக்காரர்களிடம் வரி வாங்கி, தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுவருவதற்கென்றே அரசாங்கம் ஒரு நிதி ஏற்படுத்தியது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. கங்காணி ஊருக்குப் போய்ச் சொந்தபந்தத்தைக் கூட்டி வரும் முறை ஓங்கியது.

வந்தவர்களுக்குக் காத்திருந்தது உளி மட்டுமில்லை, காய்ச்சலும்தான். மலேரியா கொசுவால் பரவுகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்தது 1897இல். அதற்குப் பிறகு கிள்ளானில் வேலை பார்த்த டாக்டர் மல்கம் வாட்சன் தோட்டம் தோட்டமாக ஆராய்ந்தார். அவர் கண்டது ஒரு பயங்கரமான உண்மை. மலைப்பக்க ஓடைகள் காட்டு நிழலில் இருக்கும்வரை அவ்வளவு ஆபத்து இல்லை. தோட்டம் போடுவதற்காகக் காட்டை வெட்டி, ஓடைத் தண்ணீரில் வெயில் பட்டதும், அந்தத் தெளிந்த தண்ணீரில்தான் மலேரியாக் கொசு வகை ஒன்று பெருகியது. அதாவது, ரப்பர் நடுவதற்காகச் செய்த வேலையே காய்ச்சலைக் கூப்பிட்டு வந்தது. காலைப் பெரட்டில் கொயினா கொடுத்ததும், லயத்துக்குப் பக்கத்திலேயே மாரியம்மனுக்குக் கொட்டகை போட்டதும் அந்த நாட்களில்தான். என் பாட்டியின் அண்ணன் ஒருவர் பதினாறு வயதில் குளிர்காய்ச்சலில் போனார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பெயர் மட்டும் மிச்சம் இருக்கு. புதைத்த இடம் யாருக்கும் தெரியாது.

டான் சாய் யானிடம் இப்போது பெரும் செல்வம் இருந்தது. தாத்தா வழியை அவர் மறக்கவில்லை. சிங்கப்பூரில் ஆரம்பித்து சில வருஷமே ஆகியிருந்த மருத்துவப் பள்ளிக்கு இடவசதி போதவில்லை. அப்பா டான் டெக் குவான் நினைவாக ஒரு கட்டடம் கட்ட 15,000 வெள்ளி கொடுத்தார். 1911இல் எழுந்த அந்தக் கட்டடம் அப்பாவின் பெயரோடு இன்றும் சிங்கப்பூரில் தேசியச் சின்னமாக நிற்கிறது. தாத்தா நோயாளிக்கு மருத்துவமனை கொடுத்தார். பேரன் டாக்டர்களை உருவாக்க இடம் கொடுத்தார்.

ஆனால் எந்த மருத்துவமும் அவரைக் காப்பாற்றவில்லை. 1916 மார்ச்சில் டான் சாய் யான் இறந்தார். வயது 45. காரணம் மலேரியா. லயத்தில் பாயில் கிடந்த தொழிலாளியைக் கொண்டுபோன அதே காய்ச்சல், ரப்பர் தோட்டத்தை இந்த நாட்டில் தொடங்கி வைத்த கோடீஸ்வரரையும் கொண்டுபோனது. அவரை நடச் சொல்லித் தூண்டிய ரிட்லியோ இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய், நூறு வயதைத் தாண்டி 1956 வரை இருந்தார்.

நியாயமாகவே சொல்லணும். காய்ச்சல் இருவரையும் ஒன்றாகப் பார்த்தது. வரலாறு அப்படிப் பார்க்கவில்லை. சாய் யானுக்குப் பெயர் இருக்கிறது, பிறந்த மாதம் இருக்கிறது, இறந்த மாதம் இருக்கிறது. ஓடைக்கரையில் காட்டை வெட்டியவனுக்குப் பல தோட்டங்களில் ஒரு சிலுவைக்கட்டையோ நடுகல்லோகூட இல்லை. இதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் மரத்தை நட்டார். நம் ஆட்களின் பெயரை எழுதி வைப்பது அவர் வேலை இல்லையே. அது நம்ம வேலை. உங்கள் வீட்டில் தோட்டத்தில் இருந்த பெரியவர்கள் இன்னும் இருந்தால், எந்தத் தோட்டம், எத்தனையாவது நிரை, எந்த வருஷம், யாரோடு கப்பலேறி வந்தார்கள் என்று இந்த மாதமே கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த தீபாவளிக்குக் கேட்டுக்கலாம் என்று விடாதீர்கள்.

டான் சாய் யானின் மகன் டான் ஹூன் சியாங். அவருக்குப் பிடித்தது ஆர்க்கிட். இரண்டு வகை வண்டா ஆர்க்கிட்களை இணைத்துப் புது வகை ஒன்றை உருவாக்கினார். 1952 வாக்கில் அது பூத்தது. இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த பெரிய பூ. அப்பா பெயரையே வைத்து வண்டா டான் சாய் யான் என்று அழைத்தார். 1954இல் லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் அதற்கு முதல் தரச் சான்றிதழ் கிடைத்தது. சிங்கப்பூர்ப் பூமலையில் ஒரு பனிக்கூடாரத்துக்கு அந்த மகனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ரிட்லி விதையோடு அலைந்த அதே பூமலை.

புக்கிட் லிந்தாங்கில், 1896இல் அந்த நாற்பது ஏக்கர் நின்ற ஊரின் பெயரில், இன்றைக்கு ஒரு தமிழ்ப்பள்ளி நடக்கிறது. மலாக்கா பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் வண்டியை நிறுத்தி அதன் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வாருங்கள்.