நேட்டால் நீதிமன்றத்தில் காந்தியடிகள்

சட்டம் பயில 1888ஆம் ஆண்டு இலண்டன் புறப்படுமுன், அன்னையின் விருப்பப்படி, பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில் மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று விரதம் ஏற்றவர் காந்தியடிகள். 1891 சூன் 10இல் அவர் பாரிஸ்டரானார். தாயகம் திரும்பியதும் இலண்டன் சான்றிதழைப் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஒப்படைத்துப் பதிவு செய்துகொண்டார்.

தாதா அப்துல்லாவின் வழக்கிற்காக 1893இல் தென்னாப்பிரிக்கா சென்றவர், அங்குள்ள இந்தியரின் வேண்டுகோளுக்கிணங்கி நேட்டாலில் தங்கினார். அங்கேயே வழக்குரைக்க விண்ணப்பித்தார். பம்பாய்ப் பதிவுச் சான்றோடு, ஐரோப்பிய வணிகர் இருவரின் நன்னடத்தைச் சான்றுகளும் தாதா அப்துல்லாவின் பிரமாணப் பத்திரமும் அளிக்கப்பெற்றன. ஆயினும் நேட்டால் வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தது. இலண்டன் மூலச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்று அது வாதிட்டாலும், வெள்ளையரல்லாத ஒருவர் நுழைவதே அதற்கு ஒவ்வாததாயிருந்தது. நிறவேறுபாடு காட்டச் சட்டத்தில் இடமில்லை எனக் கண்ட உச்ச நீதிமன்றம், 1894 செப்டம்பர் 3இல் அவரை ஏற்றுக்கொண்டது.

உறுதிமொழி முடிந்ததும், தலைப்பாகையைக் களையுமாறு தலைமை நீதிபதி பணித்தார். முந்தைய ஆண்டு டர்பன் நீதிமன்றத்தில் இதே கட்டளையை மறுத்து வெளியேறியவர், இப்போது களைந்தார். நண்பர்கள் வருந்தினர், நமக்கும் சற்று உறுத்தவே செய்யும். அவருக்கோ, அம்மன்றத்தின் வழக்குரைஞரான பின் அதன் முறைமைக்கு இணங்குவதே தக்கதெனப் பட்டது. தம் ஆற்றலைப் பெரிய போராட்டங்களுக்குச் சேமிக்கவும் எண்ணினார்.

பம்பாய் இரத்தின வணிகரும் சமண ஞானியுமான இராயச்சந்திரருக்கு ஆன்மா, கடவுள், வீடுபேறு குறித்த தம் ஐயங்களை எழுதி விடை பெற்றதும் அதே 1894ஆம் ஆண்டில்தான்.