இலக்கம் 21

எங்கள் மைதானத்தில் எல்லே ஆடாத மாணவி மிகக் குறைவு. ஒரு கட்டையும் ஒரு பந்தும் கிடைத்தால் போதும், மிச்சத்தை வன்னியின் செம்மண் தரை பார்த்துக்கொள்ளும். எல்லேயின் தூரத்து உறவு போன்ற பேஸ்போலை நான் முதன்முதலில் கண்டது தரம் 9இல், வாப்பாவின் கைபேசியில். இங்கும் அங்கும் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடி வரவேண்டும். எல்லேயில் ஓடுகிறவரின் மேலேயே பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்யலாம். பேஸ்போலில் தளத்தில் நிற்பவரின் கையுறைக்குப் பந்தைச் சரியாக அனுப்பவேண்டும். நான் எப்போதும் தூரத்தில் நின்று பந்து பொறுக்குகிறவள். ஆகவே அடிக்கிறவர்களை விட எறிகிறவர்களைத்தான் என் கண் தேடும். அப்படித் தேடியபோது அகப்பட்டவர் றொபேர்ட்டோ கிளெமென்டே.

அவர் 1934 ஓகஸ்ட் 18இல் புவர்ட்டோ ரிக்கோத் தீவின் கரோலினாவில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைசி. தந்தை கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வையாளர். பழந்துணியைச் சுருட்டிக் கட்டினால் பந்து, கொய்யாக் கிளையை வெட்டினால் துடுப்பு. இந்த இடத்தை வாசித்தபோது அந்தத் தீவு எனக்கு வெகுதூரமாகத் தெரியவில்லை. பாடசாலையில் அவர் ஈட்டி எறிதலில் கெட்டிக்காரர். பின்னாளில் மைதானத்தின் வலது மூலையிலிருந்து நேர்கோடாகத் தளத்துக்குப் பறந்த பந்துகளுக்கு அந்த ஈட்டிதான் ஆரம்பம் என்பார்கள்.

1954இல் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்து, மொன்றியலில் இருந்த தன் கீழ்நிலை அணிக்கு அனுப்பியது. அங்கே பெரும்பாலும் வாங்கில்தான் இருக்கவேண்டியிருந்தது. அந்த ஆண்டு முடிவில் பிற்ஸ்பேர்க் பைரேட்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. 1955 முதல் இறக்கும்வரை 18 பருவங்கள் அந்த ஓர் அணிக்கே ஆடினார்.

கறுப்பர் என்ற ஒதுக்கல் ஒரு பக்கம், ஸ்பானிய மொழிக்காரர் என்ற கேலி மறுபக்கம். புளோரிடாவில் பயிற்சிக் காலத்தில் அணியின் பேருந்து உணவகத்தில் நிற்கும்போது வெள்ளை வீரர்கள் உள்ளே போய்ச் சாப்பிடுவார்கள். கறுப்பின வீரர்கள் பேருந்திலேயே காத்திருந்து, யாராவது கொண்டுவந்து தருவதை உண்ணவேண்டும். கிளெமென்டே அப்படி உண்ண மறுத்துத் தங்களுக்குத் தனி வாகனம் கேட்டார், கிடைத்தது. பத்திரிகைக்காரர்கள் அவருடைய ஆங்கிலத்தை உச்சரிப்புப் பிழையோடு அப்படியே அச்சிட்டுச் சிரித்தார்கள். தெற்கே ஒரு போட்டிக்குப் போனபோது எங்கள் சிங்களத்தைக் கேட்டு எதிரணிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. நாங்கள் அன்று முழுவதும் வாயே திறக்கவில்லை. கிளெமென்டே திறந்தார். தன்னைப் பற்றி எழுதியதில் பிழை இருந்தால் எழுதியவரிடமே போய்க் கோபிப்பார்.

பெயர் விடயமும் அப்படித்தான். வீரர்களின் படம் போட்ட அட்டைகளில் பல ஆண்டுகளாக அவர் பெயரைப் பொப் என்று அமெரிக்கப் பாணியில் சுருக்கி அச்சிட்டார்கள். தன் பெயர் றொபேர்ட்டோ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தாயின் குடும்பப் பெயரான வோக்கரையும் சேர்த்து எழுதினால் அவர் பெயரில் 21 ஆங்கில எழுத்துகள் வரும். அதனால்தான் 21ஆம் இலக்கச் சட்டையை எடுத்தார் என்று சொல்கிறார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் என் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கவேண்டும். அதில் ஓர் எழுத்து மாறியதற்கு வாப்பா பரீட்சைக்கு முன்பு நான்கு நாள் லொறியை நிறுத்திவிட்டு அலைந்தார்.

விளையாட்டில் அவர் செய்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தேசிய லீக்கின் முதன்மைத் துடுப்பாளர் பட்டம் 4 தடவை, களத்தடுப்புக்கான தங்கக் கையுறை 12 தடவை, 1960இலும் 1971இலும் உலகத் தொடர் வெற்றி. அந்த இரண்டு தொடர்களின் 14 ஆட்டங்களிலும் அவர் அடிக்காத ஆட்டம் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் முதுகு வலியோடு. 1954 முடிவில் மதுபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி முதுகெலும்பு பாதிக்கப்பட்டிருந்தது. வலி என்று சொன்னால் நடிக்கிறார் என்றார்கள். 1971 தொடரின் சிறந்த வீரர் அவர்தான். அன்று தொலைக்காட்சி ஒலிவாங்கி முன்னால் வந்ததும் ஆங்கிலத்துக்கு முன் ஸ்பானிய மொழியில், ஊரிலிருந்த தாய் தந்தையரிடம் ஆசி கேட்டார். உம்மாவுக்கு அவரைப் பற்றிச் சொன்னதில் இந்த இடம்தான் மிகவும் பிடித்தது. எல்லேப் பயிற்சிக்கு விடுவதில் அவருக்கிருந்த தயக்கம் அன்றோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் குறைந்தது.

1972 செப்டெம்பர் 30இல் தன் 3,000ஆவது அடியை அடித்தார். அந்தப் பருவத்தின் கணக்கு அதோடு நின்றது. அடுத்த பருவம் அவருக்கு வரவில்லை.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் புவர்ட்டோ ரிக்கோவின் அமெச்சூர் அணியை நடத்திக்கொண்டு நிக்கராகுவாவின் தலைநகர் மனாகுவாவுக்குப் போயிருந்தார். அங்கே இரண்டு கால்களையும் இழந்த ஒரு சிறுவனைச் சந்தித்து, செயற்கைக் கால்களுக்குப் பணம் சேர்த்துத் தருவதாக வாக்களித்தார். செயற்கைக் கால் என்பது வன்னியில் யாருக்கும் விளக்கவேண்டிய பொருள் அல்ல. அவர் ஊர் திரும்பிச் சில வாரங்களில், டிசெம்பர் 23ஆம் திகதி, மனாகுவாவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கிளெமென்டே பெருநாள் விடுமுறை என்று வீட்டில் இருக்கவில்லை. வீடு வீடாகவும் தொலைக்காட்சியிலும் கேட்டு உணவும் மருந்தும் சேர்த்தார். அனுப்பிய பொருட்களை அந்நாட்டு ஆட்சியாளர் சொமோசாவின் படையினர் பிடுங்குகிறார்கள் என்ற செய்தி வந்தது. தான் நேரில் போனால் மக்கள் கைக்குப் போய்ச் சேரும் என்று நினைத்து அடுத்த விமானத்தில் தானே ஏறினார்.

இதை வாப்பாவிடம் சொன்னேன். 2004இல் கடல் கொண்டுபோன பிறகு வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குச் சோற்றுப் பொதிகளும் பாய்களும் ஏற்றிப்போனவர் அவர். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த விமானத்தில் எவ்வளவு பாரம் ஏற்றினார்கள் என்று மட்டும் கேட்டார். அளவுக்கு மேல் ஏறத்தாழ 1,900 கிலோ என்றேன். பழைய டிசி-7 விமானம், இயந்திரத்திலும் கோளாறு. வாப்பா தலையை ஆட்டினார். அப்படியான நேரத்தில் இன்னும் ஒரு மூடை என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்ல நா வராது என்றார்.

டிசெம்பர் 31 இரவு, சான் ஹுவானிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. ஐந்து பேரும் போய்விட்டார்கள். அவருக்கு வயது 38. மனைவி வேராவும் மூன்று சின்ன மகன்களும் வீட்டில். ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே கிடைக்கும் புகழ் மண்டபத்து இடத்தை 1973இல் விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். இலத்தீன் அமெரிக்காவிலிருந்து அந்த இடத்தைப் பெற்ற முதல் வீரர் அவர்.

உடல் கிடைக்கவில்லை. புத்தாண்டு அன்று விடியற்காலையிலிருந்து மக்கள் கடற்கரையில் கூடிக் கடலைப் பார்த்தபடி நின்றார்கள், நாட்கணக்காக. அணியில் அவருக்கு நெருங்கிய நண்பர் மனி சங்கியென். நினைவு வழிபாட்டுக்கு மற்ற வீரர்கள் எல்லாரும் வந்தபோது அவர் மட்டும் அங்கே இல்லை. நண்பரைத் தேடிக் கடலுக்குள் மூழ்கிக்கொண்டிருந்தார்.