கசுலு இலட்சுமிநரசு செட்டியார்

சென்னைப் பட்டினத்தில் அவுரி வாணிகத்தாற் பொருளீட்டிய சித்துலு செட்டியார் என்பார்க்கு 1806 ஆம் ஆண்டில் ஓர் ஆண்மகவு பிறந்தது. இலட்சுமிநரசு எனப் பெயரிடப்பெற்ற அம்மகவே பின்னாளில் தென்னாட்டுப் பொதுவாழ்வுக்கு வித்திட்ட பெருமகனாராய் விளங்கினார். நாட்டு நடப்புகளை உசாவி அறியும் வேட்கை இளமையிலேயே அவர்பால் மிக்கிருந்தது. தந்தையாரின் தொழிலை ஏற்று நடத்திப் பெருஞ்செல்வரானார்.

அக்காலத்தில் இந்நாட்டை ஆண்டது கிழக்கிந்தியக் கும்பினி. குடிகளின் சமய ஒழுக்கங்களில் தலையிடுவதில்லை என்பது கும்பினியார் வகுத்துக்கொண்ட கொள்கை. எனினும், சென்னையில் ஆட்சிப் பொறுப்பிலிருந்தோர் சிலர் பாதிரிமார்க்குத் துணைநிற்பதைத் தம் கடமையாகவே கருதினர். பாதிரிமார் தம் சமயத்தைப் பரப்புவதைக் குறைகூற இடமில்லை. அவரவர் நம்பியதை எடுத்துரைக்க அவரவர்க்கு உரிமையுண்டு. எல்லாரையும் காக்கவேண்டிய அரசு ஒரு பக்கம் சாய்வதே செட்டியார் உள்ளத்தை உறுத்தியது. குடிகளின் குறையை ஆள்வோர் செவியில் ஏற்றுதற்கென்று, 1844 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் ‘கிரசென்ட்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். பிறைமதி என்பது அப்பெயரின் பொருள். எட்வர்டு ஹார்லி என்னும் ஆங்கிலேயர் அதன் ஆசிரியராய் அமர்ந்தார். அவ்விதழின் விளம்பரத்தை அரசிதழில் வெளியிடவும் அதிகாரிகள் மறுத்தனர்.

1846 ஆம் ஆண்டில் கவர்னர் டுவீடேல் பிரபு, அரசு கல்விக்கூடத்தில் விவிலியத்தைப் பாடநூலாக்க விழைந்தார். செட்டியார் வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் நகரமக்களைக் கூட்டினார். அக்கூட்டத்திற்குத் தாமே தலைமை தாங்கினார். கும்பினியின் இயக்குநர் அவைக்கு விண்ணப்பம் விடுக்கச் செய்தார். மறு ஆண்டில் இயக்குநர் அவையார் கவர்னரின் கருத்தை ஏலாது விலக்கினர். இன்று மீஞ்சூரிலோ திருவொற்றியூரிலோ அரசுப் பள்ளியின் ஒரே பலகையில் பல சமயப் பிள்ளைகளும் அருகருகே அமர்ந்து பயில்கின்றனர். முழுவதும் அரசுப் பொருளால் நடைபெறும் கல்விக்கூடத்தில் சமயபோதனை கூடாது என்று, 1950 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 28 ஆம் பிரிவு விதிக்கின்றது. நூறாண்டுகட்கு முன்னரே செட்டியார் வேண்டியதும் அதுவே.

ஆயினும், அவர் கொண்ட நிலைகள் எல்லாவற்றையும் ஒருசேரப் புகழ்தற்கியலாது. சமயம் மாறியவர் மூதாதையர் சொத்தில் தமக்குரிய பங்கை இழத்தல் ஆகாது என 1850 ஆம் ஆண்டின் 21 ஆம் சட்டம் வரையறுத்தது. நீத்தார் கடனைத் துறந்தவர்க்குச் சொத்துரிமை மட்டும் எங்ஙனம் நிலைக்கும் என வினவி, சென்னை இந்துக்கள் அதனை எதிர்த்தனர். செட்டியாரும் அவர் பக்கமே நின்றார். தன் மனச்சான்றின்வழிச் சமயம் மாறியவனது வாழ்வூதியத்தைப் பறித்தலும் ஒருவகை வன்முறையன்றோ? இவ்வொன்றில் நீதி சட்டத்தின் பக்கமே நின்றது எனல் வேண்டும்.

இக்காலத்தில் ஒரு நாட்டில் சமயவுரிமை நலிவுற்றால், அதனை ஆராய்ந்துரைக்க ஐக்கிய நாடுகள் அவை 1986 ஆம் ஆண்டு முதல் தனி அறிக்கையாளர் ஒருவரை அமர்த்தியிருக்கின்றது. செட்டியார் காலத்தில் அத்தகைய ஏற்பாடு யாது? சென்னைக்குத் துறைமுகமும் இல்லை. விண்ணப்ப ஓலைகள் அலைகளினூடே மசூலாப் படகேறிச் சென்று, தொலைவில் நங்கூரமிட்ட கப்பலை அடைந்து, இலண்டனுக்குச் செல்லவேண்டியிருந்தது. 1852 ஆம் ஆண்டில் அவர் தோற்றுவித்த சென்னைச் சுதேசிகள் சங்கம் வரிக்கொடுமை, நீதித் தாமதம், கல்விக்குறை ஆகியவற்றை விரித்துப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்தது. அடுத்த ஆண்டில் டான்பி சீமோர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் நிலைமையை நேரிற் காணச் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை உள்நாட்டு ஊர்களுக்கு அழைத்துச் சென்று, வரி தண்டுவோர் கிட்டி முதலிய கருவிகளால் உழவரை வருத்தும் கொடுமையைக் காட்டினார். சீமோர் அதனைப் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தார். விளைவாக, 1854 ஆம் ஆண்டில் சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. மறு ஆண்டில் வெளிவந்த அதன் அறிக்கை, கொடுமை நிகழ்ந்தது மெய்யே என ஒப்புக்கொண்டது.

1858 ஆம் ஆண்டில் கும்பினியாட்சி ஒழிந்தது. அவ்வாண்டு நவம்பரில் விக்டோரியா அரசியார் விடுத்த பேரறிக்கை, சமயங் காரணமாக எவர்க்கும் சலுகையோ இடரோ நேராது என உறுதி கூறியது. அரசு செட்டியார்க்குப் பட்டம் வழங்கியது. 1863 ஆம் ஆண்டில் அவரைச் சென்னைச் சட்டமன்றத்தில் நியமித்தது. ஆனால், இதழுக்கும் சங்கத்துக்கும் விண்ணப்பங்களுக்குமாக அவர்தம் செல்வமெல்லாம் கரைந்துபோயிருந்தது. 1868 ஆம் ஆண்டில் அவர் வறியவராய் மறைந்தார்.