பறக்கும் பின்லாந்தியர் பாவோ நூர்மி

ஆண்டு விழா வருகிறது என்றால் நம் இல்லங்களில் முதலில் மகிழ்பவர் குழந்தைகளே. எலுமிச்சம்பழக் கரண்டி ஓட்டம், சாக்கு ஓட்டம், தடை ஓட்டம் என்று அவர்கள் ஓடி விளையாடுவதைக் கண்டு, பெற்றோரும் வயதை மறந்து களத்தில் இறங்குவதுண்டு. ஓட்டம் எல்லோர்க்கும் பொதுவான விளையாட்டு. அதற்கு மட்டையும் வேண்டா, பந்தும் வேண்டா. கால்களும் மன உறுதியும் போதும். இவ்விரண்டை மட்டுமே முதலாகக் கொண்டு, வறுமையினின்று உலகப் புகழுக்கு உயர்ந்த ஒரு பெருவீரரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

பாவோ நூர்மி 1897-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் நாள், பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரில் பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழிலாளி. பின்லாந்து அந்நாளில் ரஷ்யப் பேரரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1910-இல் தந்தையார் மறைந்தார். குடும்பம் நிலைகுலைந்தது. இருந்த சிறு வீட்டின் சமையலறையையும் வாடகைக்கு விட்டுவிட்டு, தாயும் மக்களும் ஒரே அறையில் வாழ்ந்தனர். படிப்பில் கெட்டிக்காரராய் இருந்த பாவோ பள்ளியை விட்டு, ரொட்டிக் கடையொன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். சுமையேற்றிய வண்டியை மேட்டுப்பாங்கான தெருக்களில் நாள்தோறும் தள்ளிச் செல்வதே அவர் வேலை. தம் கால்களுக்கு வலிமை தந்தது அவ்வண்டியே எனப் பிற்காலத்தில் அவரே கருதினார்.

1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயங்களில் பின்லாந்தின் ஹன்னஸ் கோலெமைனன் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். வென்றவர் பின்லாந்தியர், ஆனால் அவர் வெற்றிக்காக ஏற்றப்பட்டதோ ரஷ்யக் கொடி. அடிமை நாட்டு மக்களுக்கு அது எத்தகைய வேதனை என்பதை நாமும் அறிவோம். பதினைந்து வயதுப் பாவோவின் நெஞ்சில் அவ்வெற்றி கனலை மூட்டியது. காடுகளிடையே தனியே ஓடிப் பழகத் தொடங்கினார். காபியை விட்டார், புகையையும் மதுவையும் அணுகவில்லை. விடியற்காலைக் காபி இன்றேல் பொழுதே விடியாத நம் போன்றோர்க்கு இத்துறவின் அருமை நன்கு விளங்கும்.

1917-இல் பின்லாந்து விடுதலை பெற்றது. 1919-இல் நூர்மி படையில் சேர்ந்தார். துப்பாக்கியும் தோட்டாக்களும் மணல் மூட்டையும் சுமந்து 20 கிலோமீட்டர் செல்லும் போட்டியொன்று அங்கே நடைபெற்றது. மற்றவர் நடந்தனர், இவர் முழுத் தொலைவையும் ஓடியே கடந்தார். மிக விரைவில் வந்து சேர்ந்தமையால், குறுக்கு வழியில் வந்தாரோ என்று அதிகாரிகள் சிலர் ஐயுற்றனராம்!

1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், விடுதலை பெற்ற நாட்டின் வீரராய் நூர்மி களம் புகுந்தார். 5,000 மீட்டரில் பிரெஞ்சு வீரர் கில்லமோவிடம் தோற்று வெள்ளி பெற்றார். 10,000 மீட்டரில் அவரையே வென்று தங்கம் கொண்டார். காடுமேடு ஓட்டத்தில் தனிப் போட்டியிலும் குழுப் போட்டியிலும் தங்கம் கிடைத்தது. இவ்வெற்றிகளின் பயனாக, துர்க்கு நகரில் அவர் குடும்பத்தார் வாழ்ந்த இல்லத்திற்கு மின் விளக்கும் குழாய்த் தண்ணீரும் வந்தன. பதக்கங்களைக் காட்டிலும் அத்தாயுள்ளம் மகிழ்ந்தது இதற்காகவே இருக்கலாம்.

ஓட்டத்தை ஒரு கணக்காக ஆக்கியவர் நூர்மி. கையில் ஸ்டாப் வாட்ச் ஏந்தி ஓடுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை விநாடி என்று முன்னரே வகுத்துக்கொண்டு, உடன் ஓடுவோரை நோக்காது கடிகாரத்தையே நோக்குவார். இறுதிச் சுற்று நெருங்கும்போது அதனைப் புல்தரையில் எறிந்துவிட்டுப் பாய்வார். தொடக்கத்தில் விரைந்து முடிவில் தளர்வதைவிட, ஆற்றலைச் சீராகப் பங்கிட்டு ஓடுவதே மேல் என்பதை உலகம் அவரிடம் கற்றது.

1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் அவர் வாழ்வின் உச்சம். 1,500 மீட்டர், 5,000 மீட்டர் ஆகிய இரண்டின் இறுதிப் போட்டிகளும் ஜூலை 10-ஆம் நாள் ஒரு மணி நேரத்திற்கும் குறைவான இடைவெளியில் நடக்கவிருந்தன. இது மனிதரால் ஆகுமா என்று பலர் வியந்தனர். நூர்மியோ, முன்னதாகவே ஜூன் 19-இல் ஹெல்சிங்கியில் இதனை ஒத்திகை பார்த்து, இரண்டிலும் உலகச் சாதனை படைத்திருந்தார். பாரிசிலும் இரண்டையும் வென்றார். இரு நாள் கழித்துக் கடும் வெயிலில் நடந்த காடுமேடு ஓட்டத்தில் 38 பேர் புறப்பட்டனர். முடித்தவர் 15 பேரே. பலர் மயங்கி வீழ்ந்தனர். நூர்மி முதல்வராய் வந்து, களைப்பின் குறியே இன்றி நின்றார். அவ்வொலிம்பிக்கில் அவர் பெற்ற தங்கம் ஐந்து. 10,000 மீட்டரில் மட்டும் அவரை அதிகாரிகள் நிறுத்தவில்லை. அக்குறை அவரை வாட்டியது. நாடு திரும்பிய பின், ஆகஸ்டு 31-இல் 30 நிமிடம் 6.2 விநாடியில் அத்தொலைவைக் கடந்து உலகச் சாதனை நாட்டினார். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் அது நிலைத்தது.

கடிகாரத்தையே துணையாகக் கொண்ட இவரை, சிரிப்பறியாதவர், கல்நெஞ்சர் என்று கூறியோர் உண்டு. அவர்கள் 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் நிகழ்ந்ததை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஸ்டீபிள்சேஸ் என்பது 3,000 மீட்டர் தடை ஓட்டம். மரத் தடைகளையும், தடையை அடுத்த நீர்க்குழியையும் திரும்பத் திரும்பத் தாண்டியே ஓடவேண்டும். நூர்மிக்கு இதில் பழக்கம் குறைவு. தகுதிச் சுற்றில் நீர்க்குழியில் தவறி வீழ்ந்தார். அப்போது உடன் ஓடிய பிரெஞ்சு வீரர் லூசியன் டுகெஸ்ன், தம் ஓட்டத்தை நிறுத்தி, கைகொடுத்து அவரைத் தூக்கிவிட்டார். நூர்மி அந்நன்றியை மறந்தாரில்லை. டுகெஸ்னுக்கு வழிகாட்டியாய் முன்னே ஓடி, முந்திச் சென்றோரையெல்லாம் இருவருமாகக் கடந்து, முடிவில் முதலிடத்தை அவருக்கே அளிக்க முன்வந்தார். பெருந்தகையாளராகிய டுகெஸ்ன் அதனை ஏற்கவில்லை. பேச்சில் வறியவரான நூர்மி, தம் நன்றியைக் கால்களாற் பேசினார். காயத்துடனேயே இறுதிப் போட்டியில் ஓடி வெள்ளி பெற்றார். தங்கமும் வெண்கலமும் அவர் நாட்டினருக்கே கிடைத்தன. 10,000 மீட்டரில் தங்கமும், 5,000 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். மூன்று ஒலிம்பிக்குகளில் 9 தங்கம், 3 வெள்ளி என அவர் ஈட்டிய பதக்கங்கள் பன்னிரண்டு.

மராத்தான் ஓட்டத்தையும் வென்று விடைபெற வேண்டும் என்பதே அவரது எஞ்சிய ஆசை. ஆனால் 1932-இல், பயணச் செலவுக்கு மிஞ்சிய பணம் பெற்றார் என்னும் குற்றச்சாட்டின் பேரில், அனைத்துலகத் தடகளக் கூட்டமைப்பு அவரை விலக்கி வைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் வரை சென்றும் அவர் ஓட இயலாது போயிற்று. அவ்வேதனை அவர் நெஞ்சைவிட்டு அகலவே இல்லை. எனினும் 1933-இல், 36-ஆம் வயதில், தம் நாட்டுப் போட்டியில் 1,500 மீட்டரை வென்று காட்டினார். பின்னர் ஹெல்சிங்கியில் ஆடைக் கடை நடத்தியும், கட்டடங்கள் கட்டியும் பெருஞ்செல்வரானார். 1940-இல் போரால் தாய்நாடு துயருற்றபோது, அமெரிக்கா சென்று நிதி திரட்ட உதவினார்.

1952 ஜூலை 19-ஆம் நாள், ஹெல்சிங்கி ஒலிம்பிக் தொடக்க விழா. சுடரேந்தி வருபவர் யார் என்று மக்கள் அறியார். விளையாட்டரங்கினுள், வழுக்கைத் தலையும் அதே நிமிர்ந்த நடையுமாய், 55 வயது நூர்மி ஓடி வந்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. பல நாட்டு வீரர்கள் அணிவகுப்பை மறந்து அவரைக் காண ஓடினர். ஹாக்கியில் தங்கமும், மல்யுத்தத்தில் காஷாபா ஜாதவின் வெண்கலமும் நம் பாரதம் வென்றது அதே ஒலிம்பிக்கில்தான். நூர்மி களத்திலே தீயை மூட்டினார். பின்னர்க் கோபுர உச்சியில் சுடரை ஏற்றியவர், அவர் நெஞ்சில் அன்று கனல் மூட்டிய அதே கோலெமைனன்!

முதுமையில் இதயநோய் அவரை வருத்தியது. 1968-இல் இதயநோய் ஆராய்ச்சிக்கென ஓர் அறநிலையத்தை நிறுவினார். 1973 அக்டோபர் 2-ஆம் நாள், நாம் காந்தியடிகளின் பிறந்தநாளைக் கொண்டாடும் அந்நாளில், அவர் மறைந்தார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது.

நம்முள் எல்லோரும் நூர்மி ஆதல் இயலாது. ஆக வேண்டுவதும் இல்லை. விடியலில் குடியிருப்பைச் சுற்றி நான்கு முறை ஓடுபவரும், நேற்றைய தம்மை இன்று வெல்வாராயின், அவர் வழியினரே. இவ்வாண்டுத் தடை ஓட்டத்தில் நம் குழந்தை முதலாவதாக வரட்டும் என்று விரும்புவது இயல்பு. உடன் ஓடும் குழந்தை வீழ்ந்தால், ஒரு கணம் நின்று அதனைத் தூக்கிவிடவும் கற்பிப்போமாக. நூர்மியின் பதக்கங்களோடு டுகெஸ்னின் கையும் உலகின் நினைவில் நிற்கிறதன்றோ!