'பி' என்ற பொடி

ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி உல்ஃப் வான் ஆய்லர் 1905ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தாயார் தாவர சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற மாது. தகப்பனாரோ 1929ல் ரசாயனத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். ஆலமரத்து நிழலில் செடி வளர்வது சிரமம். இந்தச் செடி வளர்ந்தது.

1930ல் அவர் லண்டனில் ஹென்றி டேலின் ஆராய்ச்சிச் சாலைக்குப் போனார். குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் எடுத்த சத்தை முயல் குடல் துண்டின் மேல் விட்டார். குடல் சுருங்கியது. அசெடில்கோலின் என்ற பழகிய பொருளின் வேலையோ என்று சந்தேகம். அதை முறிக்கும் அட்ரோபின் மருந்தைச் சேர்த்தார். அப்படியும் குடல் சுருங்கியது! ஆகவே இது வேறொரு பொருள். 1931ல் அவரும் காடம் என்பவரும் அதை வெளியிட்டார்கள். தயாரித்த பொடிக்கு 'பி' என்ற எழுத்தை அடையாளமாக இட்டிருந்தார்கள். அதுவே பெயராக நிலைத்தது.

பிறகு 40 வருஷம் அது என்னவென்று தெரியவில்லை. ஆய்லரின் புகழ் வேறு வழியில் வந்தது. 1946ல் நரம்பு நுனிகளில் நோரட்ரினலின் இருப்பதைக் காட்டினார். அதற்காக 1970ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மறு வருஷமே அமெரிக்காவில் சூசன் லீமன் குழுவினர் 'பி'யின் அமைப்பைக் கண்டார்கள்: 11 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம்.

முதுகுத் தண்டில் உள்ள சில நரம்பணுக்களே தசைகளை இயக்குகின்றன. நாம் நிற்பதும் நடப்பதும் அவற்றின் ஊழியம். மூளையின் அடிப்பாகத்திலிருந்து இறங்கும் நரம்புகள் அவற்றைத் தொடுகின்றன. 1978ல் ஆய்லர் பணியாற்றிய அதே கரோலின்ஸ்கா ஸ்தாபனத்தில் ஹெக்ஃபெல்ட் குழுவினர் எலிகளைச் சோதித்தார்கள். அந்த நரம்புகளில் செரடோனினும் 'பி'யும் கூட்டுக் குடித்தனம் செய்தன! ஒரு நரம்புக்கு ஒரே ரசாயனம் என்று அதுவரை பலர் நம்பினார்கள். அந்த விதிக்கு டேலின் பெயரையே வைத்திருந்தார்கள். அதை மீறியதோ அவர் வீட்டில் பிறந்த பொடி.

செரடோனின் தானாகத் தசைக்குக் கட்டளை இடுவதில்லை. நரம்பணுவை உஷார்ப்படுத்தி வைக்கும். பிறகு சிறு தூண்டுதலே போதும். 'பி'யும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. ஆனால் நரம்பு வேகமாகத் துடிக்கும்போதுதான் அது தாராளமாக வெளிவரும். வந்தால் அதன் வேலை நெடுநேரம் நிற்கும்.

1983 மார்ச்சில் ஆய்லர் காலமானார்.