மகளைப் பறித்தது கோர்ட்டு - பள்ளிகளைக் கொடுத்தார்கள் மக்கள்!

சென்னைக்குப் போய் வரும் தமிழர்களுக்குப் பெசன்ட் நகர் தெரியும். அடையாற்றின் ஆலமரமும் தெரியும். அந்தப் பகுதியின் பெயருக்கு உரியவரான அன்னிபெசன்ட் அம்மையார் காங்கிரஸ் தலைவராக இருந்தவர், பிரம்மஞான சபைக்குத் தலைமை தாங்கியவர் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் இந்தியாவுக்கு வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அவர் லண்டனில் ஒரு தேர்தலில் நின்றார் என்பது பலருக்குத் தெரியாது. அது பாராளுமன்றத் தேர்தல் அல்ல. பள்ளிக்கூட போர்டுத் தேர்தல்.

அந்தச் சிறிய தேர்தலுக்குப் பின்னால் ஒரு தாயின் பெரிய துயரம் இருந்தது.

பாதிரியாரின் மனைவி

அன்னி 1847-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி லண்டனில் பிறந்தார். குடும்பம் அயர்லாந்து வழி வந்தது. ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாயார் ஹாரோ பள்ளி மாணவர்களுக்கு விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். எல்லன் மாரியட் என்ற செல்வச் சீமாட்டி, அன்னியைத் தன்னுடன் வைத்துக்கொண்டு நல்ல கல்வி கொடுத்தார்.

1867-ல், இருபது வயதில், பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருக்கு அவரை மணம் முடித்தார்கள். ஒரு மகன், ஒரு மகள். மகனின் பெயர் டிக்பி. மகள் மேபல்.

மண வாழ்க்கை நிலைக்கவில்லை. அன்னிக்கு மதத்தின் மீது ஐயம் எழுந்தது. பாதிரியாரின் மனைவி கோவிலில் நற்கருணை வாங்க மறுத்தால் ஊர் என்ன சொல்லும்? 1873-ல் இருவரும் பிரிந்தார்கள். மகன் தந்தையிடம், மகள் தாயிடம் என்று ஒப்பந்தம் ஆயிற்று. சிறுமி மேபலைத் தூக்கிக்கொண்டு அன்னி லண்டன் வந்து சேர்ந்தார்.

ஒரு சிறிய புத்தகம்

லண்டனில் நாத்திகத் தலைவர் சார்லஸ் பிராட்லாவின் நட்புக் கிடைத்தது. அன்னி எழுதினார், மேடை ஏறினார். அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் திரண்டது.

1877-ல் இருவரும் ஒரு புத்தகத்தை வெளியிட்டார்கள். அமெரிக்க டாக்டர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதியது. குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றியது. இன்று அரசாங்கமே சுவரில் எழுதி வைக்கும் விஷயம், அன்று ஆபாசம் எனப்பட்டது. போலீசார் வழக்குப் போட்டார்கள். அன்னி வக்கீல் வைக்கவில்லை. தனக்காகத் தானே வாதாடினார். ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றப் பத்திரிகையில் இருந்த சட்டப் பிழை காரணமாக 1878-ல் மேல் கோர்ட்டு அதை ரத்து செய்தது.

சிறை தப்பியது. ஆனால் அதைவிடப் பெரிய தண்டனை காத்திருந்தது.

கணவர் கோர்ட்டுக்குப் போனார். நாத்திகம் பேசுகிறவள், இத்தகைய புத்தகம் போடுகிறவள், பெண் குழந்தையை வளர்க்கத் தகுதி அற்றவள் என்பது அவரது வாதம். நீதிபதி சர் ஜார்ஜ் ஜெஸ்ஸல் அதை ஏற்றுக்கொண்டார். 1878-ல் ஏழு வயது மேபல் தாயின் கையிலிருந்து எடுக்கப்பட்டுத் தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டாள். தாய் நோயில் விழுந்தார்.

மாணவி ஆனார், ஆசிரியை ஆனார்

தேறி எழுந்தவர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க அப்போதுதான் கதவு திறந்திருந்தது. முப்பது வயதைத் தாண்டிய அன்னி விஞ்ஞானம் படித்தார். பரீட்சைகள் எழுதி, விஞ்ஞானம் கற்பிக்கும் தகுதிச் சான்றுகளைப் பெற்றார். தொழிலாளர்கள் கூடும் மண்டபத்தில் மாலை வகுப்புகள் நடத்தினார். பகலில் உழைத்தவர்கள் இரவில் வந்து அவரிடம் பாடம் கேட்டார்கள்.

1883-ல் யுனிவர்சிட்டி கல்லூரியில் தாவர இயல் வகுப்பில் சேரப் போனபோது, அவரையும் பிராட்லாவின் மகளையும் சேர்க்க மறுத்துவிட்டார்கள். பழைய வழக்கின் நிழல் அங்கேயும் தொடர்ந்தது.

கிழக்கு லண்டன்

1888-ம் ஆண்டு. கிழக்கு லண்டனின் போ பகுதியில் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டிக் கம்பெனி இருந்தது. அங்கே பெண்களுக்குக் கூலி சொற்பம். அதிலும் அபராதம் பிடித்தம். வெள்ளைப் பாஸ்பரஸ் புகையால் தாடை எலும்பு அழுகும் நோய் வேறு. ஆனால் பங்குதாரர்களுக்கோ கொழுத்த லாபம். அன்னி இதைத் தன் பத்திரிகையில் எழுதினார்.

ஜூலை மாதம் சுமார் 1,400 பெண்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். அன்னிதான் அவர்களைத் தூண்டினார் என்று வெகு காலம் எழுதி வந்தார்கள். உண்மையில் அந்தப் பெண்கள் தாங்களாகவே வெளியேறினார்கள் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டுகிறது. வெளியேறியவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் நிதி திரட்டினார், சங்கம் அமைக்க உதவினார். கம்பெனி பணிந்தது.

அதே வட்டாரத்தில்தான் சில மாதங்களில் தேர்தல் வந்தது.

ஒருவருக்கு ஐந்து ஓட்டு

லண்டன் பள்ளிக்கூட போர்டு 1870-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் பிறந்தது. நம் நாட்டில் பழைய காலத்து ஜில்லா போர்டு போல, பள்ளிகளைக் கட்டி நடத்துவது அதன் வேலை. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது.

பாராளுமன்றத் தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த போர்டுத் தேர்தலில் வரி கட்டும் பெண்கள் முதல் நாளிலிருந்தே ஓட்டுப் போடலாம். பெண்கள் போட்டியிடவும் செய்யலாம். 1870-ல் நடந்த முதல் தேர்தலிலேயே டாக்டர் எலிசபெத் காரெட்டும், பெண் கல்விக்காக உழைத்த எமிலி டேவிசும் வெற்றி பெற்றார்கள்.

ஓட்டு முறையும் புதுமையானது. டவர் ஹாம்லெட்ஸ் தொகுதிக்கு ஐந்து இடங்கள். ஆகவே ஒரு வாக்காளருக்கு ஐந்து ஓட்டுகள். அவற்றை ஐந்து பேருக்குப் பிரித்துப் போடலாம். ஐந்தையும் ஒருவருக்கே கொட்டவும் செய்யலாம். சிறுபான்மையினருக்கும் இடம் கிடைக்கட்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது.

வீதி வீதியாக

டவர் ஹாம்லெட்ஸ் ஏழைகளின் தொகுதி. துறைமுகக் கூலிகள், தையல் வேலை செய்பவர்கள், வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டும் தாய்மார்கள், ரஷ்யாவிலிருந்து உயிர் தப்பி வந்த யூதர்கள் எல்லோரும் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம். மும்பைச் சால்களில் காலம் தள்ளியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

பிள்ளைகள் பள்ளிக்குப் போவது 1880 முதல் கட்டாயம். ஆனால் இலவசம் அல்ல. வாரா வாரம் சில பென்சுகள் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தொல்லை. பிள்ளையை அனுப்பாவிட்டால் அபராதம். பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. பரீட்சை முடிவைப் பார்த்துத்தான் பள்ளிக்கு அரசாங்க மானியம் வரும். ஆகவே பசித்த பிள்ளையை ஆசிரியரும் அடித்துப் படிக்க வைத்தார்.

அன்னி மூன்று கோரிக்கைகளை முன் வைத்தார். கல்வி இலவசமாக வேண்டும். பசித்த பிள்ளைக்குப் பள்ளியில் சாப்பாடு வேண்டும். போர்டு வேலை செய்யும் காண்டிராக்டர்கள் தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும்.

எதிரிகள் சும்மா இருப்பார்களா? பதினொரு ஆண்டுப் பழைய புத்தக வழக்கைத் தூசி தட்டி எடுத்தார்கள். துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. நாத்திகப் பெண்மணியின் கையில் பிள்ளைகளை ஒப்படைப்பதா என்று கேட்டார்கள். பெற்ற மகளையே வளர்க்கத் தகுதி இல்லை என்று கோர்ட்டு சொன்ன ஒருத்திக்கு, ஊரார் பிள்ளைகளைப் பற்றிப் பேச என்ன உரிமை என்பது அந்தக் கேள்வியின் உட்பொருள்.

நவம்பரில் ஓட்டுகள் எண்ணப்பட்டன. 15 ஆயிரத்துக்கு மேல் ஓட்டு வாங்கி அன்னிபெசன்ட் தொகுதியில் முதலாவதாக வந்தார். ஒருவரே ஐந்து ஓட்டும் போடலாம் என்பதால் 15 ஆயிரம் ஓட்டு என்றால் 15 ஆயிரம் பேர் அல்ல. ஆனாலும் அந்த ஏழைத் தொகுதி யாரை நம்பியது என்பதில் ஐயம் இல்லை.

மூன்று ஆண்டு வேலை

போர்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவே. அங்கே அன்னி பேச்சாளராக மட்டும் இருக்கவில்லை. கமிட்டிகளில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்.

முதல் வெற்றி கூலி விஷயத்தில் கிடைத்தது. அதுவரை யார் குறைந்த டெண்டர் கொடுத்தாரோ அவருக்கே வேலை. குறைந்த டெண்டர் என்றால் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது என்று பொருள். 1889-ல் போர்டு விதியை மாற்றியது. தொழிற்சங்கம் ஒப்புக்கொள்ளும் கூலியைக் கொடுப்பவருக்கே காண்டிராக்ட் என்று ஆனது. இதற்காக அன்னியும் ஹாக்னி தொகுதி உறுப்பினர் ஸ்டூவர்ட் ஹெட்லமும் பாடுபட்டார்கள். ஹெட்லம் ஒரு பாதிரியார் என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்தது பசி. போர்டு நடத்திய விசாரணையில், லண்டனில் 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அரை வயிற்றோடு பள்ளிக்கு வருகிறார்கள் என்று தெரிந்தது. வரிப் பணத்தில் சாப்பாடு போடச் சட்டத்தில் இடம் இல்லை. ஆகவே தர்ம சங்கங்களை ஒன்று சேர்த்து 1889-ல் பள்ளிச் சாப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. அரசாங்கம் செய்ய வேண்டியதைத் தர்மத்திடம் விட்டது அரைகுறை ஏற்பாடுதான். ஆனாலும் ஆரம்பம் ஆயிற்று.

1891-ல் புதிய சட்டம் வந்து தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் கட்டணம் ஒழிந்தது. பள்ளியில் சாப்பாடு போட ஸ்தல ஸ்தாபனங்களுக்கு 1906-ம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை 1907-ம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. இவை ஒருவரால் மட்டும் வந்தவை அல்ல. ஆனால் வாய் திறந்து கேட்டவர்களில் முன் வரிசையில் நின்றவர் அன்னி.

தூத்துக்குடியில் இறங்கினார்

போர்டில் இருந்த காலத்திலேயே அவர் மனம் வேறு பக்கம் திரும்பியது. 1889-ல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூலுக்கு மதிப்புரை எழுதப் போய், பிரம்மஞான சபையில் சேர்ந்துவிட்டார். 1891-ல் மீண்டும் தேர்தலில் நிற்கவில்லை.

1893-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி கொழும்பு வழியாகத் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். இந்திய மண்ணில் அவர் வைத்த முதல் அடி தமிழ் மண்ணில்தான். 1898-ல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். 1904-ல் பெண்களுக்குப் பள்ளி. அந்தக் கல்லூரியே காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு விதை ஆயிற்று. லண்டனில் பள்ளிக்குள் மதம் வேண்டாம் என்றவர், காசியில் மதக் கல்வியோடு சேர்ந்த பள்ளியைக் கட்டினார். கொள்கை மாறியது. பள்ளி கட்டும் ஆசை மாறவில்லை.

1916-ல் ஹோம்ரூல் இயக்கம் கண்டார். பம்பாய் அரசாங்கம் தன் மாகாணத்துக்குள் அவர் நுழையத் தடை விதித்தது. 1917-ல் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டார். விடுதலையாகி, அதே ஆண்டு கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார்.

மீண்டும் ஒரு வழக்கு

விதி அவரை மறுபடியும் பிள்ளை வழக்கில் நிறுத்தியது. ஆனால் இம்முறை மறு பக்கத்தில். ஜே.கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் அன்னி வளர்த்து வந்தார். பிள்ளைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று தந்தை நாராயணய்யா கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார். 1913-ல் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பு ஆயிற்று. அன்னி பிரிவி கவுன்சில் வரை போனார். 1914-ல் அங்கே வென்றார். பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொன்னது சரியல்ல என்பது பிரிவி கவுன்சிலின் கருத்து.

ஒரு காலத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர், இன்னொருவர் தன் பிள்ளைகளைக் கேட்டபோது கொடுக்க மறுத்தார். இதை அவருடைய குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தத் தந்தையின் நெஞ்சு பட்ட பாட்டை அன்னியைவிட அறிந்தவர் வேறு யார் என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

பசியும் பள்ளியும்

1920-ல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாநகராட்சி மதிய உணவு கொடுக்க ஆரம்பித்தது. அதைக் கொண்டுவந்தவர் பிட்டி தியாகராயர். அவர் நீதிக் கட்சித் தலைவர், அரசியலில் அன்னிக்கு நேர் எதிரணி. அந்தப் பெருமை அன்னியுடையது அல்ல. ஆனால் பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்ற உண்மையைக் கிழக்கு லண்டனில் ஒருவரும், சென்னையில் எதிரணிக்காரர் ஒருவரும் கண்டுகொண்டார்கள். பின்னர் காமராஜரும் எம்.ஜி.ஆரும் அதையே ஊரெல்லாம் விரித்தார்கள்.

அன்னிபெசன்ட் 1933-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந்தேதி அடையாற்றில் காலமானார். வயது 85.

கோர்ட்டு பிரித்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? சுயமாக முடிவெடுக்கும் வயது வந்ததும் டிக்பியும் மேபலும் தாயைத் தேடி வந்து சேர்ந்தார்கள்.