கருமத்தம்பட்டி கண்ட பிரெஞ்சு ஆயர்

கோவையிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் உள்ள கருமத்தம்பட்டியை நம்மில் பலர் பேருந்திலிருந்தபடியே பார்த்திருக்கிறோம். செபமாலை அன்னை ஆலயமும் அக்டோபர்த் திருவிழாவும் இவ்வூருக்குப் பெயர் தந்தவை. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், அம்மாதத்தின் முதல் ஞாயிறன்று, முப்பத்திரண்டு வயதே நிரம்பிய ஒரு பிரெஞ்சுக் குரு இங்கே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மெல்கியோர் தெ மரியோன் பிரேசியாக் என்பது அவர் பெயர். கோவைத் திருச்சபையின் முதல் ஆயர் அவரே.

தென் பிரான்சில் காஸ்தெல்நோதரி என்னும் ஊரில் 1813இல் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியில் செல்வத்தை இழந்த உயர்குடி அவருடையது. தந்தையார் பொறியாளர், மகனுக்கு அவரே ஆசானுமானார். 1838இல் குருவாகிச் சொந்த ஊரிலுள்ள புனித மிக்கேல் ஆலயத்தில் உதவிக் குருவாகப் பணிபுரிந்தார். கடல் கடந்து செல்ல அவர் விரும்பியபோது தந்தையார் இசையவில்லை. அவ்விசைவு இல்லாமலே புறப்பட்டு, 1842இல் புதுச்சேரியில் இறங்கினார். சேலத்தில் தங்கித் தமிழ் கற்றார். பின் புதுச்சேரிக் குருமடத்தின் தலைவரானார்.

இங்குதான் அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியது. இந்நாட்டுத் திருச்சபையை இந்நாட்டவரே நடத்த வேண்டும். அதற்குரிய குருக்களையும் ஆயர்களையும் உருவாக்கிவிட்டு, வந்தவர்கள் விலகிக்கொள்ள வேண்டும் என்பதே அது. இன்று இதில் வியப்பில்லை. வெள்ளையர் ஆட்சி உறுதிப்பட்டு வந்த அக்காலத்தில், உடன் பணியாற்றிய ஐரோப்பியருள் பலருக்கு இது கசப்பான பேச்சு. இந்நாட்டுக் குருக்களைத் தமக்கு நிகராக வைத்துப் பார்க்க அவர்கள் மனம் இடங்கொடுக்கவில்லை.

இதனினும் கடினமாய் நின்றது சாதி. கிறித்தவராகியும் மக்கள் விடாத வழக்கங்களுள் எதை ஏற்பது, எதை விலக்குவது என்று நூறாண்டுக்கு மேலாக வாதம் நடந்து வந்தது. 1744இல் உரோமை விதித்த கட்டளையைக் காப்பதாக ஒவ்வொரு குருவும் உறுதிமொழி எடுத்தார். நடைமுறையிலோ பலர் கண்டுங்காணாமல் இருந்தனர். உறுதிமொழி ஒன்று, ஊர் நடப்பு ஒன்று என்ற இந்த நிலை பிரேசியாக்கின் மனச்சான்றை வருத்தியது. தெளிவான முடிவு வேண்டி உரோமைக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். விடை வரவில்லை. 1854இல் நேரிலேயே சென்றார். 1855இல் அவரது பதவி விலகல் ஏற்கப்பட்டது. அவர் சோர்ந்து ஒதுங்கினார் என்று கூறுவோர் உண்டு. பதவியில் ஒட்டிக்கொண்டு மனத்தை மூடிக்கொள்வது அவருக்கு எளிதாகவே இருந்திருக்கும். அதை அவர் செய்யவில்லை என்பதே என் கருத்து.

நாற்பத்தொரு வயதில் பதவி துறந்த அவர் ஓய்வு கேட்கவில்லை. 1856 டிசம்பர் 8ஆம் நாள் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவினார். அங்கும் அந்நாட்டவரைக் கொண்டே திருச்சபையைக் கட்ட வேண்டும் என்பதே அவர் நோக்கம். விரும்பியது தாகோமி நாட்டை. உரோமை ஒப்படைத்தது சியரா லியோனை. விடுதலை பெற்ற அடிமைகள் குடியேறியதால் விடுதலை நகர் எனப் பொருள்படும் ஃபிரீடவுன் அதன் தலைநகர். 1859 மே 14இல் அங்கே கரையேறினார். ஊரெங்கும் மஞ்சள் காய்ச்சல். உடன் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாய, சூன் 25இல் அவரும் மறைந்தார். கரையேறி ஆறே வாரம், வயது நாற்பத்தைந்து. சபையை லியோனில் இருந்த பிளாங்க் என்னும் குரு கலையாமல் காத்தார்.

கோவையில் அவர் காலத்தில் தொடங்கிய பேராலயம் 1867இல் நிறைவுற்றது. பெரிய கடை வீதியில் இன்றும் நிற்கும் அதன் பாதுகாவலரும் புனித மிக்கேல்தான். காஸ்தெல்நோதரியில் அவர் முதற்பணி செய்த ஆலயத்தின் அதே பாதுகாவலர். 2020இல் திருத்தந்தை பிரான்சிசு அவரை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார். அவர் கனவு கண்டபடி கோவைக்கு இந்நாட்டவர் ஒருவர், உபகாரசாமி பெர்னதோத், ஆயராக வந்தது 1940இல். அவர் பதவி துறந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து.